பேசக்கூடாத நாற்காலி

பேருந்தில் ஏறியதும் முதலில் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவார். கையோடு கொண்டுவந்த குஷனை நாலு தட்டுத் தட்டி மடியில் வைத்துக்கொள்வார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு. அதன் பிறகு வாயைத் திறந்தால் இறங்கும்வரை மூடமாட்டார்.

"அப்பாடா! இப்ப சொல்றேன் கேளும்மா. அந்தக் குடுவை இருக்குல்ல, குடுவை? இன்னிக்கு அது கேட்ட கேள்விய நீ கேட்டிருக்கணும்!"

விசாரணை நாள்களில் ஸ்டோர் அக்காவின் மாலை இப்படித்தான் தொடங்கும். மதியம் முழுக்க ஓர் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததை, வட்டியும் முதலுமாகப் பேருந்தில் கொட்டித் தீர்ப்பார். தீர்க்காமல் வீட்டுக்குப் போனால் சோறு குழைந்துவிடுமாம். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் அவர் சொன்னாராம்: "அங்க பேசாம உட்கார உனக்கு என்ன தர்றாங்க? சொல்லு, நான் கூடவே போட்டுத் தர்றேன். வீட்லயும் கொஞ்சம் உட்காரு."

ஒன்றும் தருவதில்லை. அது அக்காவின் வேலையே இல்லை.

அவருடைய வேலை, எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையின் கண்ணாடிச் சாமான் அறையைக் காப்பது. மேசை உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை குடுவைகள், புனல்கள், சோதனைக் குழாய்கள். நடுவில், கண்ணாடிக் காட்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி அக்கா. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி எப்போதோ உடைந்துவிட்டது. அந்த இடத்தில் ஆய்வகத்து ரப்பர்க் குழாயைச் செருகியிருக்கிறார். புதிதாக வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "இது நழுவாது. உன்னுது நழுவும், பாரு" என்பார். சொன்னவர் கை தானாகத் தன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த ஜன்னலுக்கு ஒரு சட்டம் உண்டு. எதையாவது உடைத்தால், ஆய்வு வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மாற்றுச் சாமான் கிடைக்கும். அழுதாலும் கிடைக்காது, சிரித்தாலும் கிடைக்காது. "கையெழுத்து இல்லாம என் ஜன்னலுக்கு வராதே" என்பதை அவர் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வார் என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறை துறைத்தலைவரே ஒரு பீக்கரை உடைத்துவிட்டு வந்து நின்றார். "உங்களுக்கு வழிகாட்டி யாரு சார்?" என்று கேட்டார் அக்கா. "நானேதான்." "அப்ப நீங்களே போட்டுக் கொண்டாங்க." போட்டுக் கொண்டுவந்தார். சின்ன அதிகாரம்தான், ஆனால் அதை அவர் அனுபவித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வரிசை நீளமாக நிற்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நிதானமாகத் தேநீர் ஆற்றும் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் விசாரணை அறைக்குள் எப்படிப் போனார்?

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாகுபாடு, துன்புறுத்தல், பாலியல் அத்துமீறல் பற்றிப் புகார் கொடுக்க ஒரு குழு இருக்கிறது. குழுவுக்கு ஓர் அலுவலகம் உண்டு. கணக்குப் பிரிவுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவோடு. சம்பளச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் பார்க்கத்தான் யாரும் புகார் கொடுக்க உள்ளே போக முடியும். கதவில் ஒரு சுவரொட்டி. அதில் பல நிறத்து மனிதர்கள் பல் தெரியச் சிரித்தபடி 'தயங்காமல் வாருங்கள்' என்று அழைப்பார்கள். குழுவின் விதிகளை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தது என் வேலை. நான் பதிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் இந்த நாட்டில் தங்கலாம் என்ற நிலையில் இருப்பவள், ஆகவே கொடுத்ததை எழுதுவேன். விதிகளில் ஒன்று இது: புகார்தாரர் தம்மோடு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். துணைக்கு வருபவர் பேசக்கூடாது. பேசினால் வெளியேற்றப்படுவார், விசாரணை ஒத்திவைக்கப்படும்.

துணைக்கு யாரை அழைப்பது? அப்பா அம்மா வேறு ஊரில். தோழிக்கும் அதே வழிகாட்டி, அவளால் வர முடியாது. வகுப்புத் தோழனுக்கு அடுத்த மாதம் நேர்காணல். கடைசியில் பேராசிரியர்களுக்குப் பயப்படாத ஆள் யார் என்று யோசித்து, யாரோ ஒரு மாணவி அந்தச் சின்ன ஜன்னலுக்கு வந்து நின்றிருக்கிறாள். "எங்கூட வந்து சும்மா உட்காந்தா போதும் அக்கா." அக்கா போய் உட்கார்ந்தார். பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். தன் பேச்சுத்தொனி வகுப்பில் நடித்துக் காட்டிக் கேலிசெய்யப்பட்ட மாணவன். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஆய்வாளர். 'உங்க ஆளுங்களுக்கெல்லாம் இந்தத் துறை சரிப்படாது' என்று சொல்லப்பட்ட விடுதி மாணவி. பேசாமல் ஒரு நிமிடம் இருக்க முடியாத மனுஷி, பேசக்கூடாத நாற்காலியின் நிரந்தர உறுப்பினர் ஆகிவிட்டார்.

"என்னைப் போயி பேசாம உட்காரச் சொல்றதுக்கு எழுதி வச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று என்னைக் கேட்பார்.

"நான் எழுதல அக்கா. அவங்க சொன்னதைத் தமிழ்ல போட்டேன்."

"அதான் சொல்றேன். எவ்வளவு அழகாப் போட்டிருக்கே! படிச்சதும் வாய் தானா ஒட்டிக்குது."

விசாரணை ரகசியம் என்பதால் பேருந்தில் அவர் யார் பெயரையும் சொல்லமாட்டார். அதற்காகக் கண்ணாடி அறையிலிருந்தே ஆள்களுக்குப் பட்டம் வைத்திருந்தார். குழுத்தலைவர், குடுவை. "வயிறு பெருசு, கழுத்து சிறுசு. எவ்வளவு ஊத்தினாலும் வாங்கிக்கும். வெளிய வர்றது சொட்டு சொட்டா." சட்ட அலுவலர், வடிகட்டி. "நாம சொல்ற சாரமெல்லாம் கீழ போயிடும். சக்கைய மட்டும் நிறுத்தி வச்சுக்கிட்டு, 'இதுக்கு ஆதாரம்?'னு கேக்கும்." மூன்றாவது ஓர் அம்மையார், பஞ்சு. எல்லாவற்றுக்கும் 'பாவம்' என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். "வலிக்குதுன்னு சாஞ்சா அமுங்கும். எந்திரிச்சதும் பழையபடி உப்பிடும்." இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடமும், பின்னால் வரப்போகிற ஒரு பெண்ணிடமும் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் ஒருநாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அக்கா யோசிக்கவில்லை. "எழுது. ஆனா கொஞ்சம் ஒல்லியா எழுது" என்றார். எழுதியாகிவிட்டது.

அக்காவின் தீராத ஆத்திரம் ஒரு தண்ணீர் ஜக்கின் மேல்.

அந்த அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் குழு, எதிர்ப்பக்கம் புகார் கொடுத்தவர். ஜக்கும் கண்ணாடித் தம்ளர்களும் எப்போதும் குழுவின் பக்கம். புகார் கொடுத்தவரின் பக்கம் இருப்பது டிஷ்யூ டப்பா. "அழறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்க. தாகத்துக்குத்தான் ஏற்பாடு இல்ல" என்பார். ஜக்கை நடுவில் வைக்கச் சொல்லிக் குழு அலுவலகத்துக்கு எழுதினார். தளவாடங்கள் தொடர்பான கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று இன்றுவரை தெரியாது. தானே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனார். பாட்டிலுக்குள் ஒலிப்பதிவுக் கருவி இருக்கலாம் என்று வடிகட்டி அதையும் கைப்பையையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். குஷனை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டார். முதுகுவலிக்காரி என்பதற்கு மருத்துவரின் சீட்டு இருந்தது. ஒருமுறை, சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்து இருமிக்கொண்டிருந்த மாணவனுக்காக அக்கா எழுந்து கையை நீட்டி ஜக்கைத் தொட்டார். "துணைக்கு வந்தவங்க நடவடிக்கையில குறுக்கிடக்கூடாது. இன்னொரு தடவை இப்படி நடந்தா ஒத்திவைக்க வேண்டியிருக்கும்" என்றார் குடுவை. அக்கா கையை எடுத்துக்கொண்டார். மாணவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு தொடர்ந்தான். அன்று பேருந்தில் நடத்துநர் உள்பட எல்லாரும் அந்த ஜக்கைப் பற்றி அறிந்தோம்.

அந்த மாணவன் பிறகு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். துறையில் இரண்டு பேர் அவனை அழைத்து எதிர்காலத்தைப் பற்றி அன்பாகப் பேசியிருந்தார்கள். அடுத்த நாள் அவன் ஜன்னலுக்கு வந்தபோது, வரிசையில் அத்தனை பேர் நிற்கையில், "எதுக்குடா என்னை அங்க உட்கார வச்சே? வேடிக்கை பாக்கவா?" என்று அக்கா கத்திவிட்டார். அதன் பிறகு அவன் அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே வருவதில்லை. சாமான் வேண்டுமென்றால் நண்பனை அனுப்புவான். "தப்புதான்" என்று அக்கா என்னிடம் ஒத்துக்கொண்டார். "ஆனா அவங்க மேல வர்ற கோவத்த அவங்ககிட்ட காட்ட முடியல இல்ல? பக்கத்துல எவன் கிடைப்பான்னு பாக்குது." அவரோடு பழகுவதில் உள்ள சங்கடம் இதுதான். நியாயம் அவர் பக்கம் இருக்கும், சத்தமும் அவர் பக்கம் இருக்கும், காயம் மட்டும் சில நேரம் வேறு யார் மேலாவது இருக்கும்.

இப்போது சின்னதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னது என்பது அக்கா ஓர் ஆய்வு மாணவிக்கு வைத்த செல்லப்பெயர். மெலிந்த, குள்ளமான பெண். ஆய்வேடு முடிகிற கட்டம். அவளுடைய வழிகாட்டி, ஆய்வகத்தில் அவள் பின்னால் வந்து நின்று இடுப்பில் கைவைத்தார். மறுநாள் அவருடைய அறையில், கதவைச் சாத்திவிட்டு, அதைவிட மோசமாக நடந்துகொண்டார். அவள் தள்ளிவிட்டு வெளியே ஓடிவந்தாள். அன்றிலிருந்து அவளுடைய ஆய்வேட்டை அவர் படிக்கவே இல்லை. 'இன்னும் தரமில்லை' என்ற ஒற்றை வரியில் ஒவ்வொரு அத்தியாயமும் திரும்பி வந்தது.

அவள் புகார் கொடுத்தபோது எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தோம். விசாரணைக்கு அழைத்தபோது மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. இடையில் அவள் நடந்ததை உளவியல் ஆலோசகரிடம் சொன்னாள், புலத்தலைவரிடம் சொன்னாள், முதல்கட்ட விசாரணை அதிகாரியிடம் சொன்னாள், அவர் மாற்றலாகிப் போனதால் புது அதிகாரியிடம் முதலிலிருந்து சொன்னாள். புலத்தலைவர் ஒரு யோசனை வைத்தார். அவளும் வழிகாட்டியும் தம் அறையில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தால் மனக்கசப்பு போய்விடுமே என்றார்.

"மனக்கசப்பாம்! இவ என்ன அந்த ஆள்கிட்ட கைமாத்தாக் கடன் கேட்டுக் கோவிச்சுக்கிட்டாளா?" என்று அக்கா பேருந்தின் இருக்கைக் கம்பியில் அடித்தார். முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து இறங்கப் போய்விட்டார்.

இதற்குள் இன்னொரு சிக்கல் முளைத்தது. சின்னதின் பதிவுக்காலம் முடியப்போகிறது. நீட்டிக்க வழிகாட்டி ஒப்புதல் தர வேண்டும். எந்த வழிகாட்டி? அதே வழிகாட்டி. பதிவு முடிந்தால் அவள் மாணவி இல்லை. மாணவி இல்லாதவரின் புகாரைக் குழு விசாரிக்க முடியாது. யாரும் புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டியதே இல்லை, நாள்காட்டி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பதிவு முடிவது ஒரு வெள்ளிக்கிழமை. விசாரணையை அதே வாரத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.

அந்தத் திங்கள் மாலை அக்கா பேருந்தில் ஏறினார். செருப்பைக் கழற்றவில்லை. குஷனைத் தட்டவில்லை. கூடவே சின்னதும் வந்தாள். நான் காத்திருந்தேன். வண்டி கிளம்பியது, பாலத்தைத் தாண்டியது, சந்தையில் நின்று கிளம்பியது. அக்காவின் வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. முன் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து, சின்னதுதான் சொன்னாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது. ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். மறுநாள் அறையில் நடந்ததையும் சொல்லிவிட்டாள். அப்போது வடிகட்டி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "முத நாள் அப்படி நடந்துச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் மறுநாளே அதே ஆளோட அறைக்கு, நீங்களா, தனியா ஏன் போனீங்க?"

"ஒரு கையெழுத்து வேண்டியிருந்துச்சு."

"என்ன கையெழுத்து? அவ்வளவு அவசரமா?"

சின்னது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு 'பாவம்' என்றார். குடுவை தொண்டையைச் செருமினார். "பதில் இல்லைன்னா அப்படியே குறிச்சுக்கலாமா?" என்றார் வடிகட்டி.

"அக்காவ மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு நான் சொல்லல" என்றாள் சின்னது என்னிடம். "இத்தனை நாளும் அவங்ககிட்டயே சொல்லல."

நடந்தது இதுதான். முதல் நாள் இடுப்பில் அந்தக் கை விழுந்தபோது அவள் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை நழுவி விழுந்து உடைந்தது. சோதனை பாதியில் நின்றது. அவள் கண்ணாடி அறை ஜன்னலுக்குப் போய் வேறு குடுவை கேட்டாள். அக்கா, எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். போய் உங்க சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா.

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். குரல் அவருடையது போலவே இல்லை.

"அவ நின்னா. போகாம அங்கயே நின்னா. விரல் நடுங்குச்சு. 'என்னடி, கை நடுங்குது, காலையில சாப்பிடலியா?'ன்னு கேட்டேன். கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டேன். டீ ஆறிட்டிருந்துச்சு."

"விடுங்கக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சின்னது.

"விடுங்கவாவது! நீ சும்மா இரு."

விசாரணை அறையில், வடிகட்டி பேனாவைத் திறந்து குறிக்கப்போன அந்தக் கணத்தில்தான் அக்காவுக்கு அது உறைத்திருக்கிறது. பதில் அவரிடம் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் ஒத்திவைப்பு. ஒத்திவைத்தால் வெள்ளிக்கிழமை கடந்துவிடும். சின்னதேதான் சொல்லியாக வேண்டும். அக்கா மேசைக்கு அடியில் தன் முழங்காலால் அவள் முழங்காலை இடித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி இடித்தார், இந்த முறை வலிக்கும்படி. விதியில் முழங்காலைப் பற்றி ஒன்றும் இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சின்னது சொன்னாள். கண்ணாடிக் குடுவை உடைந்ததைச் சொன்னாள், ஏன் உடைந்தது என்று சொன்னாள், கையெழுத்து இல்லாமல் மாற்றுக் குடுவை கிடைக்காது என்றாள். "இவங்கதான் திருப்பி அனுப்பினாங்க" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். "அப்படியாம்மா?" என்று குடுவை கேட்டே விட்டார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு வடிகட்டியைப் பார்த்தார். வடிகட்டி சட்டென்று கையை உயர்த்தினார். "துணைக்கு வந்தவங்க பதில் சொல்லக்கூடாது. சாட்சியா வேணும்னா சாட்சியா வரணும். ரெண்டாவும் இருக்க முடியாது." அப்படியானால் அடுத்த அமர்வு என்று நாள்குறிப்பேட்டைப் புரட்டினார்கள். குடுவைக்கு ஒரு கருத்தரங்கு, பஞ்சுவுக்கு வீட்டில் விசேஷம், அடுத்த மாதம் இரண்டாம் வாரம் எப்படி என்று பேச்சுப் போனது.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் மாணவி இல்ல" என்றாள் சின்னது.

அக்கா எழுந்து போய்க் கதவின் முன்னால் நின்றார். பேசவில்லை. கைப்பிடியில் சாய்ந்து, குஷனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அமர்வு முடிந்துவிட்டதாக அப்போதுதான் அறிவித்திருந்ததால் அது குறுக்கீடும் ஆகாது. "வழி விடுங்கம்மா" என்றார் குடுவை. அக்காவுக்குக் காது கேட்கவில்லை. குடுவைக்கு வகுப்பு இருந்தது. வடிகட்டிக்குச் சாப்பாட்டு நேரம். நாள்குறிப்பேட்டை மறுபடி திறந்தார்கள். வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் எல்லாருக்குமே காலியாக இருந்தது தெரியவந்தது.

எங்கள் நிறுத்தம் வந்தது. சின்னது முதலில் இறங்கினாள். அக்கா எழுந்து, குஷனை என் மடியில் வைத்தார்.

"வியாழக்கிழமை நீ போய் உட்காரு."

"நானா? அக்கா, எனக்கு அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அந்தச் சட்ட அலுவலர்தான் கோப்பைப் பாப்பார்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். பயத்தோடயே உட்காரு. அதுக்கு விதியில தடை இல்லல்ல? வாயத் தொறக்காம இருக்கணும், அவ்வளவுதான். அது உனக்கு நல்லா வரும்."

மூன்று நாள் அந்தக் குஷன் என் வீட்டு நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அக்காவுக்குப் போன் செய்து, எனக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றேன். "வந்தா போர்வை போத்திக்கிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

வியாழன் மதியம் சின்னதின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பேருந்தில் சொன்ன எல்லாம் அப்படியே இருந்தன. நீள மேசை, எங்கள் பக்கம் டிஷ்யூ டப்பா, அவர்கள் பக்கம் ஜக். குடுவைக்குக் கழுத்து உண்மையிலேயே சிறியது. வடிகட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பதிப்புப் பிரிவுதானே நீங்க?" என்றார். நான் தலையாட்டினேன். பேசக்கூடாது என்ற விதிக்கு அந்த நிமிடம் மனதாரக் கடமைப்பட்டேன். குஷனைக் கொண்டுபோயும் அதை முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தோன்றாமல் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். திங்கட்கிழமை சொன்னதைத்தான் சின்னது சொன்னாள். அதே வார்த்தைகள், தேய்ந்துபோன படிக்கட்டில் இறங்குகிறவள் போல நிதானமாக. பாதியில் குரல் கம்மியது. மேசையின் மறுபக்கத்தில் ஜக்கின் வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்து வழிந்துகொண்டிருந்தது. டிஷ்யூவைப் பஞ்சு அவள் பக்கம் தள்ளினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டி, எச்சிலை விழுங்கிக்கொண்டு முடித்தாள்.

பிறகு சாட்சியை அழைத்தார்கள்.

அக்கா வந்தார். வழக்கமான ஆய்வக மேலங்கி இல்லை. இஸ்திரி போட்ட உடை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ரப்பர்க் குழாயை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் காதுக்கம்பி போட்டிருந்தார். அது பழக்கமில்லாமல் நழுவி நழுவி மூக்கின் நுனிக்கு வந்தது. மேசையின் ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் நடுவே, சாட்சிக்குத் தனி நாற்காலி. இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட உட்காராத நாற்காலி. உட்கார்ந்தார். என்னையோ சின்னதையோ பார்க்கவில்லை.

"நீங்க இப்ப சாட்சி" என்றார் குடுவை. "இப்ப நீங்க பேசலாம்."

"கேட்ட கேள்விக்கு மட்டும்" என்றார் வடிகட்டி. "அன்னிக்கு இந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்தது உண்மையா? நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். சின்னது முழங்காலை மேசைக்கு அடியில் ஆட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நாற்காலி அவளுக்கு எட்டாது.

"அம்மா, நேரம் போகுது."

அக்கா எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்து குழுவின் பக்கம் போனார். வடிகட்டி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சாட்சி எழுந்திருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுபவர் போல முன்னால் இருந்த தாள்களைப் பார்த்தார். அக்கா ஒரு கையில் ஜக்கையும் மறுகையில் ஒரு தம்ளரையும் எடுத்துக்கொண்டார். வந்த வழியே திரும்பி நடந்தார். டிஷ்யூ டப்பாவை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஜக்கை வைத்தார். தம்ளரை அதன் பக்கத்தில் வைத்தார். நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைப்பிடி சின்னதின் பக்கம் வரும்படி ஜக்கை மெதுவாகத் திருப்பினார்.